ஆண்டு மலருக்கு அனுப்பும் படங்கள்: எடுக்கும்போதும் வெட்டும்போதும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆண்டு மலருக்காக நீங்கள் அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன, நன்றி. மலர்க் குழு ஆசிரியர்கள் ஒதுக்கி வைத்த படங்களில் பெரும்பாலானவற்றுக்கு மங்கலோ வெளிச்சக் குறைவோ காரணம் இல்லை. பிள்ளை படத்துக்குள் எங்கோ சின்னதாக நிற்பதுதான் காரணம். புதுப் போன் வாங்கினாலும் இது தீராது. எடுப்பவர் நிற்கும் இடமும், பிறகு வெட்டும் விதமும் மாற வேண்டும்.

சான்றிதழைப் பிடித்தபடி நிற்கும் ஒரு பிள்ளையின் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவோ அம்மாவோ பத்தடி தள்ளி நின்றபடி, போனைத் தம் முக உயரத்தில் பிடித்து, பிள்ளையின் முகத்தைச் சரியாக நடுவில் வைத்து எடுக்கிறார். தலைக்கு மேல் பாதிப் படம் வெறும் சுவரும் சுவிட்ச் போர்டும். மேலிருந்து பார்ப்பதால் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் தெரிகிறது.

இதே படத்துக்கு நாலடி முன்னே வாருங்கள். குந்தி உட்கார்ந்து, போனைப் பிள்ளையின் கண் உயரத்துக்கு இறக்குங்கள். கேமரா அமைப்பில் கிரிட் என்று இருப்பதை இயக்கினால் திரை ஒன்பது கட்டமாகப் பிரியும். அதன் மேல் கோட்டில் கண்கள் வரட்டும். தலைக்கு மேல் இருந்த வெற்றிடம் தானாகக் குறையும், சான்றிதழும் முழுதாக உள்ளே வரும். பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தால் சுவிட்ச் போர்டு தலைக்குப் பின்னாலிருந்து விலகிவிடும். தலையிலிருந்து கம்பம் முளைத்ததுபோல் வரும் படங்களைப் பிறகு வெட்டிச் சரிசெய்ய வழியே இல்லை, எடுக்கும்போதுதான் பார்க்க வேண்டும்.

பிள்ளை ஒரு பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் அதிக இடம் விடுங்கள். ஓடும் பிள்ளைக்கும் இதே கணக்கு, முன்னால் இடம் இல்லாவிட்டால் ஃபிரேமில் முட்டிக்கொள்வதுபோல் இருக்கும். குழுப் படத்தில் இரு ஓரங்களிலும் கொஞ்சம் இடம் விடுவது நல்லது, அகன்ற லென்ஸ் ஓரத்தில் நிற்பவர்களின் முகத்தை இழுத்துவிடும். கிரிட்டுக்கு அடிமையாகவும் வேண்டாம். வரிசையாக நிற்கும் அணிவகுப்பு நடுவில் இருந்தால்தான் அழகு.

இனி வெட்டுவது. முதலில் படத்தின் நகல் ஒன்றைச் சேமியுங்கள், சில போன்களில் க்ராப் செய்தால் மூலப்படமே போய்விடும். அடுத்து சாய்வை நிமிர்த்துங்கள். கதவு நிலை, மேஜை விளிம்பு, தரைக்கோடு ஏதாவது ஒன்றை அளவாக வைத்துக்கொண்டால் போதும். இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. படத்தைச் சுழற்றும்போது நான்கு மூலைகளும் கொஞ்சம் கரையும். இறுக்கமாக வெட்டிவிட்டு நிமிர்த்தினால் அந்த மூலையில் இருக்கும் விரலோ காதோ போகும்.

பிறகு அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். போன் படம் பொதுவாக 4:3. 6×4 அங்குல அச்சு 3:2. 4000×3000 பிக்சல் (படத்தை உருவாக்கும் புள்ளிகள்) உள்ள படத்தை அந்த விகிதத்துக்கு மாற்றினால் 4000×2667 தான் மிஞ்சும், அதாவது உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். உச்சந்தலையை ஒட்டி எடுத்த படங்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. ஆகவே எடுக்கும்போது சுற்றிலும் கொஞ்சம் தாராளமாக விட்டு எடுங்கள், பிறகு வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், கணுக்கால் இவற்றில் வெட்டினால் உறுப்பு துண்டானதுபோல் தெரியும். இடுப்புக்குச் சற்று மேலேயோ தொடையின் நடுவிலோ வெட்டலாம்.

எவ்வளவு வெட்டலாம்? அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் தேவை. 6×4 அளவுக்கு 1800×1200 போதும், அதனால் 12 மெகாபிக்சல் (அதே 4000×3000) படத்தில் அகலமும் உயரமும் பாதியாகும்படி வெட்டினாலும் தாங்கும். ஏ4 முழுப் பக்கத்துக்கு 3508×2480 வேண்டும். அதே படத்தில் இருபுறமும் சேர்த்து 500 பிக்சல் அளவுக்கே வெட்ட இடம் இருக்கும். அட்டைப் படமாக வர வேண்டும் என்று நினைத்தால் நெருங்கிப் போய் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. தனி ஜூம் லென்ஸ் இல்லாத போனில் விரலால் பெரிதாக்கி எடுப்பதும் வெட்டுவதற்குச் சமம்தான். இரண்டு மடங்கு ஜூம் செய்தால் கால் பங்கு பிக்சல்களே மிஞ்சும்.

அதற்காக முகத்துக்கு ஓரடி தூரத்தில் போனை நீட்டவும் வேண்டாம், மூக்கு பெரிதாகிவிடும். முகம் மட்டும் வேண்டுமென்றால் ஐந்தாறடி தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டுங்கள்.

பெரிதாக்கிப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதை தயவுசெய்து நிறுத்துங்கள், திரையின் அளவுக்கு மேல் அதில் எதுவும் இருக்காது. வாட்ஸ்அப்பில் அனுப்புவோர் டாக்குமென்டாக இணையுங்கள், சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். வெட்டிய படத்தோடு மூலப்படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். பக்க வடிவமைப்பில் இடம் மாறினால் நாங்கள் வேறுவிதமாக வெட்டிக்கொள்வோம்.

பின்னணியில் வேறொரு பிள்ளை தெரிந்தால், அவரை விலக்கி வெட்ட முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் பெற்றோரிடம் கேட்ட பிறகே அனுப்புங்கள். ஏற்கெனவே அனுப்பியவர்களும் திருத்திய படங்களை இம்மாத இறுதிக்குள் வகுப்பாசிரியரிடம் தரலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்