வாணியிடம் இதைச் சொல்

அன்புள்ள சேகர்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன். கண் ஆபரேஷன், அப்புறம் வீடு மாற்றம். கோபித்துக்கொள்ளாதே. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, உன் கையெழுத்தைத் தவிர.

வாணி மக்கள் தொடர்பு அலுவலர் ஆகிவிட்டாள் என்று பழனிதான் சொன்னான். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஜெரால்ட் டெர்ஹார்ஸ்ட் ஞாபகம் வந்துவிட்டது. துரை சார் அறையில் அவரைப் பற்றி விடிய விடியப் பேசினோமே!

அமெரிக்கப் பத்திரிகை நிருபர், மிச்சிகன்காரர். 1948-இல் ஜெரால்ட் ஃபோர்டு முதன்முதலில் தேர்தலில் நின்றபோதே செய்தி சேகரிக்கப் போனவர். அத்தனை வருஷப் பழக்கம். 1974 ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகி ஃபோர்டு ஜனாதிபதியானதும், வெள்ளை மாளிகைச் செய்திச் செயலாளர் வேலைக்கு இவரைத்தான் கூப்பிட்டார். அதற்கு முன் அந்த நாற்காலியில் இருந்த ரான் ஜீக்லர், எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் நிக்சனின் ஆட்கள் புகுந்து, கடைசியில் அவர் பதவியையே பறித்த வாட்டர்கேட் விஷயத்தில் அதுவரை தான் சொன்னதெல்லாம் இனிச் செல்லாது என்று நிருபர்களிடமே அறிவித்தவர். அவர் விட்டுப்போன இடத்தில் டெர்ஹார்ஸ்டைப் பார்த்ததும் நிருபர்களுக்கு மூச்சு வந்தது.

நிக்சன் மேல் வழக்கே வராதபடி அவருக்கு மன்னிப்பு தரப் போகிறார்களா என்று நிருபர்கள் கேட்டார்கள். இவர் உள்ளே விசாரித்தார். அப்படி எதுவும் இல்லை என்றார்கள். அதை நம்பி, அப்படியே வெளியே சொன்னார். செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை காலை ஃபோர்டு டிவியில் தோன்றி மன்னிப்பை அறிவித்தார். அதற்குள் இவர் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டார். ஒரே மாத வேலை! வியட்நாம் போருக்குப் போக மனசாட்சி இடம் தராமல் மறுத்த பையன்களுக்கு மன்னிப்பு இல்லை, நிக்சனுக்கு மட்டும் உண்டு என்றால், அந்த முடிவுக்காக என்னால் வாதாட முடியாது என்று எழுதினார். பழையபடி பத்திரிகைக்கே திரும்பிப் போனார்.

சேகர், அந்த அணை திறந்த ராத்திரி உனக்கு மறந்திருக்காது. தண்ணீர் திறக்கும் எண்ணமே இல்லை என்று அந்த அதிகாரி சொன்னார், நாமும் அப்படியே எழுதினோம். விடிவதற்குள் கரையோரக் குடிசைகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மறுநாள் நம் முன்னால் வந்து நின்றபோது அவர் கை நடுங்கியது. அவருக்கே யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கையை நான் இன்னும் மறக்கவில்லை.

வாணி பொய் சொல்ல மாட்டாள், அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாமலே அவள் வாயில் பொய்யை வைத்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லட்டும். ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்றால் நிருபர்கள் திட்டுவார்கள். திட்டிவிட்டுப் போகட்டும், மறுநாளும் அவளிடம்தான் வருவார்கள். முடிவெடுக்கும் கூட்டத்தில் தன்னையும் உட்கார வைக்கச் சொல்லி முதல் நாளே கேட்கட்டும்.

பொங்கலுக்கு அங்கே வருகிறேன். அதற்கு முன் அந்த அணைக் கதையை நீயே அவளிடம் சொல்லிவிடு. நான் சொன்னால் அழுதுவிடுவேன்.

அன்புடன்,
ராகவன்