ஆங்கிலப் பட்டதாரியை மறிக்கும் தமிழ்த்தாள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்தவர்களுக்கான வேலைகள் பற்றிய கட்டுரையில் பி.எட்., வங்கி, கால் சென்டர் எல்லாம் வந்துவிட்டன. நீலகிரிப் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம்தான் வரவில்லை. அது அரசு வேலைத் தேர்வுகளில் வரும் தமிழ்த்தாள்.

ஊட்டி, குன்னூர் கான்வென்டுகளில் இரண்டாம் மொழியாக இந்தியோ பிரெஞ்சோ எடுத்தவர்கள், கூடலூர்ப் பக்கம் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள், கோத்தகிரியில் படுக மொழி பேசி வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண். முதல் 100 கேள்வி தமிழ். அதில் 150-க்கு 60 வராவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். முன்பு பொது ஆங்கிலம் எடுத்துத் தப்பிக்க வழி இருந்தது, இப்போது இல்லை. எம்.ஏ., பி.எட். முடித்து முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் போனாலும் தமிழ்த் தகுதித் தாளில் 50-க்கு 20 வேண்டும்.

பலர் புலவர் பெயர், நூல் பெயர் என்று உருப்போட்டுவிட்டு இலக்கணத்தைத் தொடுவதில்லை. குரூப் 4-க்கு 6 முதல் 10 வரையிலான பள்ளித் தமிழ்ப் புத்தகங்களின் இலக்கணப் பகுதியை முதலில் முடிக்க வேண்டும். கலைச்சொல்லும் எளிய மொழிபெயர்ப்பும் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. ஆங்கிலம் படித்தவர் அவற்றைக் கோட்டை விடலாமா?

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 சதவீத ஒதுக்கீடு பற்றியும் குழப்பம் இருக்கிறது. குரூப் 4-க்குக் கேட்கும் படிப்பு பத்தாம் வகுப்புதான். ஒன்று முதல் பத்து வரை தமிழ்வழியில் படித்தவர், பட்டம் ஆங்கில இலக்கியமானாலும், அங்கே சலுகை கேட்கலாம். பட்டமே தகுதியான குரூப் 2-இல் கேட்க முடியாது. எஸ்டேட் விட்டு எஸ்டேட் மாறிய குடும்பமென்றால், படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாகச் சான்று வாங்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு அலைந்தால் ஏதாவது ஒரு பள்ளி பாக்கி நின்றுவிடும்.

தட்டச்சர் பணிக்கும் ஆங்கிலத் தட்டச்சில் ஹையர் (மேல்நிலை) மட்டும் போதாது, தமிழில் லோயராவது (கீழ்நிலை) வேண்டும். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. கல்லூரி முதலாண்டிலேயே இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்துவிடலாம்.

தமிழும் கைவந்தால் மொழிபெயர்ப்பு வேலை இருக்கிறது. கீழ்நீதிமன்றத் தமிழ் ஆவணங்கள் உயர்நீதிமன்றத்துக்கு ஆங்கிலத்தில் போக வேண்டும். வக்கீல்கள் இதற்கு ஆள் தேடுகிறார்கள். ஆனால் இலக்கிய ஆங்கிலம் இங்கே கை கொடுக்காது. பத்திரத்தில் ‘ஒத்தி’ என்று இருப்பதைப் பேச்சுவழக்கை நம்பி ‘லீஸ்’ என்று எழுதினால் வழக்கே திசைமாறும். சட்டப்படி அது சுவாதீன அடமானம், அதாவது கடன் கொடுத்தவர் கையில் சொத்தை ஒப்படைத்து வைக்கும் அடமானம். அதைவிடப் பெரிய வம்பு எல்லை விவரம். ‘இன்னார் தோட்டத்துக்கு மேற்கு’ என்றால் நம் நிலம் அவர் தோட்டத்துக்கு மேற்கே இருக்கிறது, அதாவது அவர் தோட்டம்தான் நமக்குக் கிழக்கு எல்லை. இதை ‘மேற்கு எல்லை: இன்னார் தோட்டம்’ என்று பெயர்ப்பவர்கள் நிலத்தையே புரட்டிப் போட்டுவிடுகிறார்கள். நான்கு எல்லையையும் ஒரு தாளில் கட்டம் போட்டு வரைந்துகொண்டு எழுதினால் இந்தத் தப்பு வராது. கூடலூர்ப் பத்திரங்களைத் தொடுகிறவர் 1969-ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. அங்கே ‘ஜென்மம்’ என்பது நில உரிமையின் பெயர், பிறவி அல்ல!

கூலியைச் சொல் கணக்கில் பேசினால், எந்த மொழிச் சொல்லை எண்ணுவது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ‘கொடுக்கப்படாததால்’ என்பது தமிழில் ஒரு சொல். ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்து.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்,
கோத்தகிரி