18 அங்குல ரேடார் தொடர்பான மூன்றாவது முறைப்பாடு

முகாமையாளர் அவர்களுக்கு,

வாழைச்சேனையிலிருந்து எழுதுகிறேன். முதல் இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

எங்கள் பலநாள் படகுக்கு உங்களிடம் வாங்கிய ரேடார் பற்றித்தான். 4 கிலோவாட் சக்தி, 36 கடல் மைல் எட்டும் என்று பெட்டியில் பெரிதாக அடித்திருக்கிறீர்கள். எங்கள் படகில் அன்டெனா நிற்பது 4 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து பார்த்தால், நீருக்கு மேல் ஒரு மீட்டர் தெரியும் ஃபைபர் படகு 7 மைலுக்கு அப்பால் சாதாரணமாக எந்த ரேடாருக்கும் அகப்படாது. பூமியின் வளைவு மறைத்துவிடும். உங்களுக்குத் தெரியாததா? பிறகு எதற்கு 36?

எனக்கு வேண்டியது மாரி இருட்டில் 3 மைலில் கிடக்கும் சின்னப் படகு. வாங்கும்போதே சொன்னேன். உங்கள் டோமுக்குள், அந்த வட்ட மூடிக்குள், இருக்கும் 18 அங்குல அன்டெனா வீசும் அலைக் கற்றையின் அகலம் ஏறக்குறைய 5 பாகை. 3 மைலில் அது கால் மைல் அகலம். அதற்குள் பக்கம் பக்கமாக நிற்கும் இரண்டு படகும் திரையில் ஒரே புள்ளி. மழை பிடித்தால் அதுவும் இல்லை, திரை முழுக்க மழைதான். கார்த்திகையில் ஒரு படகு என்று விலக்கி ஓட்டி, மற்றதன் வலைக்குள் ஏறினோம். வலைக்கு நட்டஈடு, தொழிலும் இல்லை. என் வாழ்நாள் உழைப்பே போய்விட்டது.

அப்புறம் உங்கள் சேவைப் பிரிவு. இரவு ரயிலில் கொழும்பு வந்து, காலை 9 மணியிலிருந்து பின்னேரம் 3 மணி வரை காத்திருந்தேன். கடைசியில் ஒரு தம்பி, போனிலிருந்து கண்ணெடுக்காமல், "காசுக்கேத்த சாமான்தான் கிடைக்கும், மீன்பிடிக்க இது போதும்" என்றார். என் பற்றுச்சீட்டைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. என் வயதுக்காவது இருக்கச் சொல்லியிருக்கலாம்.

விலை குறைவாகக் கேட்டது நான்தான். ஆனால் எதில் குறைப்பது என்று முடிவெடுத்தது நீங்கள். 2 கிலோவாட்டை 4 ஆக்கினால் எட்டும் தூரம் 19 சதவீதம்தான் கூடும். அன்டெனாவின் அகலத்தை இரட்டித்தால் 40 சதவீதம் கூடும், கற்றையும் பாதியாகும். அக்கா மகன் தாளில் போட்டுக் காட்டிய கணக்கு இது. பெட்டியில் எழுத எடுப்பாக இருக்கும் என்று கிலோவாட்டில் காசைப் போட்டு, அன்டெனாவில் மிச்சம் பிடித்துவிட்டீர்கள்.

தயவுசெய்து பெரிய அன்டெனா உள்ளதை மாற்றித் தாருங்கள். நியாயமான வித்தியாசக் காசைத் தருகிறேன். அந்த மழையில் படகில் ஐந்து பேர் இருந்தோம் ஐயா.

14 நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்குப் போவேன். துறைமுகத்தில் ரேடார் வாங்க நிற்கும் ஒவ்வொருவருக்கும் சொல்வேன். இனி நான் கொழும்புக்கு வரமாட்டேன். ஆளை இங்கே அனுப்புங்கள், அந்தத் தம்பியை அல்ல.

இப்படிக்கு,
படகு உரிமையாளர்