சேகர கமிட்டிக்கும் வாலிபர் சங்கத்துக்கும்: அந்த பத்துக் கட்டளை போர்டு பத்தி

சபை போதகர் ஐயருக்கும் கமிட்டி அண்ணாச்சிமாருக்கும் வாலிபர் சங்கத் தம்பிமாருக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயித்துக்கிழமை ஆராதனைல அறிவிப்பு வாசிக்கும்போது, சபையா கூடிச் சாப்பிடுற அசனப் பண்டிகைல மிஞ்சின காணிக்கைய வச்சு நம்ம ஊர் அரசு நடுநிலைப்பள்ளிக்கு வகுப்புக்கு ஒண்ணா பைபிள்ல உள்ள பத்துக் கட்டளை போர்டு அடிச்சு கொடுக்கப் போறோம்னு சொன்னீங்க, சபையே அல்லேலூயா சொல்லிச்சு, எனக்கு மட்டும் வாய் வரல. நான் 26 வருசம் அரசுப் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தவ, நம்ம ஓய்வுநாள் பள்ளில அந்தப் பத்தையும் பிள்ளைங்களுக்கு மனப்பாடம் பண்ண வச்சதும் நான்தான், அதனால எனக்கு வசனத்து மேல என்னமோ வெறுப்புன்னு யாரும் நினைச்சிராதீங்க. அந்த போர்டு அங்க வேண்டாம், அதச் சொல்லத்தான் எழுதுதேன்.

அமெரிக்கால லூசியானா மாநிலத்துல இதுக்கு சட்டமே போட்டாச்சே டீச்சர்னு ஒரு தம்பி வாட்ஸப் மெசேஜ் ஒண்ணக் காட்டிக் கேட்டான். போட்டாங்க, 2024 ஜூன்ல, ஒவ்வொரு வகுப்பறைலயும் குறைஞ்சது 11க்கு 14 இஞ்ச் அளவுல மாட்டணும்னு. ஆனா அத எதிர்த்து கோர்ட்டுக்குப் போனவங்கள்ல பிரெஸ்பிடேரியன் போதகர்மாரும் இருக்காங்கங்கறது அந்த வாட்ஸப் மெசேஜ்ல இல்ல. அதுக்கும் முன்னால அங்கயே கென்டக்கி மாநிலத்துல இதே மாதிரி ஒரு சட்டம் இருந்து, 1980-ல அவங்க சுப்ரீம் கோர்ட்டு செல்லாதுன்னுட்டு. அங்கயும் போர்டு வாங்குனது நன்கொடை காசுலதான், அரசாங்கக் காசுல இல்ல, அதனால நம்ம காணிக்கைலதான வாங்குதோம் யாரு என்ன கேக்க முடியும்னு கமிட்டில பேசிக்கிட்டீங்கள்ல, அந்தப் பேச்சு அங்கயே எடுபடல. நம்ம நாட்டுலயும் அரசியலமைப்புல 28வது பிரிவு முழுக்க அரசுப் பணத்துல நடக்குற பள்ளிக்கூடத்துல மத போதனை கூடாதுன்னுதான் சொல்லுது. சபையே நடத்துற நம்ம திருமண்டலத்துப் பள்ளிக்கூடத்துக் கதை வேற, அங்க சுவர்ல வசனம் இருக்கு, பிள்ளைய சேக்குறவங்களுக்கும் அது தெரியும்.

சட்டம் ஒரு பக்கம் கிடக்கட்டும், வகுப்புக்குள்ள வாங்க. மூணாம் வகுப்புல புராட்டஸ்டண்டான நம்ம சி.எஸ்.ஐ. பிள்ளையும் கத்தோலிக்க ஆர்.சி. பிள்ளையும் ஒரே பெஞ்சுல இருக்கு. கொலை செய்யாதிருப்பாயாகங்கறது நமக்கு ஆறாவது, அவங்களுக்கு அஞ்சாவது, ஏன்னா விக்கிரகத்தக் கும்பிடக் கூடாதுன்னு நம்ம ரெண்டாவதா தனியா எண்ணுற கட்டளைய அவங்க முதலாவதோட சேத்துதான் எண்ணுவாங்க. எந்த நம்பர் போட்டு அடிப்பீங்க? நம்ம நம்பர்தான்னா, கிறிஸ்தவப் பிள்ளைங்களுக்குள்ளயே ஒண்ணு சரி ஒண்ணு தப்புன்னு சுவர் தீர்ப்பு சொல்லிரும். அதே பெஞ்சுல முந்தின நாள் ராத்திரி முழுக்க சுடலைமாடன் கோவில் கொடைல வில்லுப்பாட்டு கேட்டுட்டு நெத்தில திருநீறோட தூங்கி வழியுற பிள்ளை ஒண்ணு இருக்கு, அது எழுத்துக் கூட்டி "விக்-கி-ர-கம்"னு வாசிச்சுட்டு, டீச்சர் அப்ப எங்க சாமி தப்பான்னு கேட்டா அங்க இருக்குற டீச்சர் என்ன சொல்ல? அரசாங்கச் சம்பளம் வாங்குற டீச்சர் என்ன சொன்னாலும் அது தப்பாத்தான் போகும்.

நான் அஞ்சாம் வகுப்பு படிச்சதும் அரசுப் பள்ளிக்கூடம்தான். சரஸ்வதி பூஜை அன்னைக்கு எல்லாரும் கண்ண மூடி கும்பிடுங்கன்னாங்க, நான் கைய எங்க வைக்கன்னு தெரியாம பாவாடைய இறுக்கிப் பிடிச்சுகிட்டு நின்னேன். யாரும் அடிக்கல, திட்டல, சார் என் கைலயும் பொரியும் சர்க்கரையும் அன்பாத்தான் வச்சாங்க. அதத் தின்னா பாவமோ, திங்காட்டா சாருக்கு கோவம் வருமோன்னு வீடு வரைக்கும் பொத்தின கையோடவே நடந்தேன், வேர்வைல பொரியெல்லாம் நமுத்துப் போச்சு, அம்மைகிட்டயும் சொல்லல. இன்னொரு வீட்டுப் பிள்ளைய அப்படி நிக்க வைக்க எனக்கு மனசு இல்ல, மனுஷர் உங்களுக்கு எவைகளைச் செய்ய விரும்புகிறீர்களோ, அவைகளை நீங்களும் அவர்களுக்குச் செய்யுங்கள்னு ஆண்டவர் சொன்ன வசனத்த இதுக்குத்தான நம்ம படிச்சோம்.

பைபிள்ல உபாகமம் ஆறாம் அதிகாரத்த எடுத்துப் பாருங்க, கட்டளைகள உன் வீட்டு நிலைகளிலும் உன் வாசல்களிலும் எழுதுவாயாகன்னு இருக்கு. உன் வீட்டு நிலை. நம்ம வீட்டுல எத்தனை நிலைல இருக்கு சொல்லுங்க, வசனம் போட்ட புது வருசத்து வாக்குத்தத்த அட்டைய டிவிக்கு மேல சாத்தி வைக்கோம், அம்புட்டுதான். அப்ப பள்ளிக்கூடச் சுவர்ல திருக்குறள் மட்டும் எழுதலாமான்னு கேப்பீங்க. குறள் எந்த சாமியக் கும்பிடணும் எதக் கும்பிடக் கூடாதுன்னு பிள்ளைகிட்ட கட்டளை போடல, நம்ம சாயர்புரத்துல ஊழியம் பண்ணின ஜி.யு. போப் ஐயரே அத ஆசையா படிச்சு 1886-ல இங்கிலீஷ்ல கொண்டுவந்தவர்தான.

1820-ல பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர்ல இருந்து நம்ம பக்கத்து மிஷனரிமார் ஊர் ஊரா பள்ளிக்கூடம் கட்டுனாங்க, நம்ம தாத்தாமாரு எழுத்து படிச்சது அதுலதான். அந்த வழில வந்த சபை அரசுப் பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு கொடுக்கணும்னா, போன வாரம் நான் போய் பாத்தத சொல்லுதேன். பொம்பளப் பிள்ளைங்க பாத்ரூம்ல கதவுக்கு தாழ்ப்பாள் இல்ல, ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளில கதவ இழுத்துப் பிடிச்சுகிட்டு நிக்கா, மணி அடிச்சாலும் விட்டுட்டு ஓட முடியல. ஆசாரிகிட்ட பேசிட்டேன், கதவு, தாழ்ப்பாள், கூலி எல்லாம் சேத்து அந்த மிஞ்சின காணிக்கைல முடியும்னு சொல்லுதாரு. சனிக்கிழமை கமிட்டி கூடும்போது கணக்கு எழுதி எடுத்துட்டு வாரேன், போர்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துராதீங்க.