செல்விக்கு, ஜம்பர் (ப்ளவுஸ்) விஷயமா

ஏட்டி செல்வி,

சொகமா இருக்கியா? அத்தானும் பிள்ளைகளும் நல்லா இருக்காவளா? இங்க எல்லாரும் சொகம். இடவப்பாதி மழ நல்லா புடிச்சிட்டு, கரண்டு போயிப் போயி வருது, அதனால விட்டு விட்டுதான் டைப் பண்ணுறேன். ரொம்ப நாளா ஒரு சத்தமும் இல்லன்னு உனக்கு கோவம் இருக்கும், ஃபோன்ல வையி, வாங்கிக்கிடுறேன். ஆனா இந்த விஷயத்த ஃபோன்ல சொன்னா நீ இடையில ஆயிரம் கேள்வி கேட்டு கொழப்பிருவ, டியூஷன் சாரயே அழ வச்ச ஆளுல்லா நீ. முழுசா வாசிச்சிட்டு அப்புறம் கூப்புடு.

நான் ஒரு பேட்டர்ன் வித்துருக்கேன்டி. தச்ச ப்ளவுஸ் இல்ல, ப்ளவுஸ் வெட்டுற பேட்டர்ன், அதான் துணி மேல வச்சு வெட்டுற பேப்பர் அளவு, பிடிஎஃப்பா. குவைத்ல வேல பாக்குற ஒரு நர்ஸ், ஆளு யாருன்னே எனக்கு தெரியாது, ஊர்ல இருக்க தங்கச்சி நம்பர்லருந்து 150 ரூவா ஜிபே பண்ண வச்சு வாங்கி, கருங்கல் பக்கம் ஒரு டெய்லர்ட்ட குடுத்து அவிய அம்மாவுக்கு தச்சு, அந்த அம்மா போட்டுட்டு நிக்கிற ஃபோட்டோவ எனக்கு அனுப்பிருக்கு. கூடவே, 'அக்கா, அம்மா ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் சேலை கெட்டிருக்காவ'ன்னு ஒரு வாய்ஸ். அத கேட்டதுலருந்து வேற ஒண்ணும் மண்டையில ஏற மாட்டேங்குது.

மொதல்லருந்து சொல்றேன். போன வருஷம் அத்தைக்கு தோள்பட்டை புடிச்சிட்டுல்லா, டாக்டர் ஃப்ரோசன் ஷோல்டர்னாரு, சுகர் உள்ளவியளுக்கு இது கூடுதலா வருமாம். கை காது ஒயரத்துக்கு மேல போவாது, பின்னால சுத்தமா வளையாது. ஜம்பர் போடணும்னா ஒரு கைய நொழச்சுட்டு அடுத்த கைய பின்னால கொண்டு போவணும்லா, அதுல உயிரு போவும் அவியளுக்கு. கொக்கி மாட்டவும் வெரலு ஒத்து வராது. பைய பைய நைட்டிக்கு மாறிட்டாவ. நைட்டி போட்டுட்டு ஆராதனைக்கு போவ முடியுமா, கல்யாண வீட்டுக்கு போவ முடியுமா, அதனால எங்கயும் போறதில்ல. கேட்டா 'காலு வேதனை'ம்பாவ. காலுல ஒரு வேதனையும் கெடையாது. கன்வென்ஷன் பந்தல்ல முன்வரிசையில இருந்து பாடுற ஆளு திண்ணையோட கெடந்தாவ.

நான் அவிய பழைய அளவு ஜம்பர எடுத்து மேசையில விரிச்சு வச்சு ரொம்ப நேரம் பாத்தேன். வயசானா முதுகு வளையும்லா, அப்ப முதுகு நீளம் கூடிப்போவும், முன்பக்கம் குறஞ்சுபோவும். கடையில அளவு ஜம்பர் குடுத்தா அவிய நாப்பது வயசுல போட்டத வச்சு முன்னயும் பின்னயும் அப்பிடியே வெட்டிக் குடுப்பாவ. போட்டா பின்பக்கம் மேல ஏறி நிக்கும், முன்னால பட்டி தொங்கும், பின்கழுத்து ஒட்டாம வெலகி நிக்கும். இத எத்தன வயசான ஆளுக்கிட்ட பாத்துருப்போம், 'பாட்டிமாரு ஜம்பர் அப்பிடித்தான்'னு நெனச்சுக்கிட்டு போயிருவோம். அப்பிடி இல்லடி, வெட்டுதான் தப்பு.

பின்பக்க பேப்பர தோள் எலும்பு ஒயரத்துல குறுக்க வெட்டி, ஆர்ம்ஹோல், அதான் கை வெட்டு, ஓரத்துல மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி விட்டு, நடுவுல ஒரு இஞ்ச் விரிச்சேன். விரிச்சா நடுக்கோடு வளையும், அத நேராக்கி, அதுல கூடி வந்தத கழுத்துல மடிச்சு தச்சு ஒரு சின்ன டார்ட்டா புடிச்சேன். முன்பக்கத்துல முக்கா இஞ்ச் மடிச்சு கொறச்சேன். அப்புறம் வேதனை உள்ள தோள். அந்தப் பக்கம் மட்டும் தோள் தையலே போடாம, கழுத்துலருந்து கைமுட்டு வரைக்கும் மேல்பக்கத்த தொறந்து விட்டு பெரிய டிச் பட்டன் வச்சேன், அப்ப கைய தூக்கவே வேண்டாம், கை தொங்குன வாக்குல கெடக்கும், ஜம்பர் கீழ இருந்து வந்து மேல மூடும். அத்தைக்கு இடது தோளுங்கிறதால முந்தானையே பட்டன மறச்சுக்கிடும். வெல்க்ரோ வையின்னு எல்லாரும் சொன்னாவ, வைக்கப்படாது, சேலை நூல புடிச்சு இழுக்கும், பட்டுச்சேலைன்னா அவ்வளவுதான்.

அந்த வாரமே கோயிலுக்கு வந்தாவ. அவிய பக்கத்துல நின்னு பாட்டு பாடக்குள்ள எனக்கு தொண்ட அடச்சுட்டு.

நாத்தனா மவ அந்த ஜம்பர ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சா, தொடங்கிட்டு. 'எங்க அம்மாச்சிக்கு வேணும்', 'ஸ்ட்ரோக் வந்த மாமாவோட அம்மாவுக்கு', 'மார்பு ஆபரேஷன் பண்ணுன சித்திக்கு கைய தூக்க முடியல'ன்னு. எல்லாருக்கும் நானே தச்சு குடுக்கணும்னா என் கழுத்தும் கண்ணும் ஒத்துக்கிடாது. குவைத்ல இருக்கவளுக்கு நான் எப்பிடி அளவு எடுக்க? அவிய ஊர்லயே மிஷினும் டெய்லரும் இருக்கு, இல்லாதது இந்த வெட்டுதான். அப்ப வெட்ட மட்டும் அனுப்புனா போதும்லா? அப்பிடித்தான் இதுல எறங்குனேன்.

இது புதுசா ஒண்ணும் இல்ல கேட்டியா. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல எபனேசர் பட்டரிக்னு ஒரு டெய்லர் 1863லயே சைஸ் வாரியா பேப்பர் பேட்டர்ன் வித்துருக்காரு. அவரு பொண்டாட்டி எலன், பிள்ளைக்கு உடுப்பு வெட்டக்குள்ள, பேட்டர்ன் சைஸ் சைஸா கெடச்சா எவ்வளவு கொள்ளாம்னு சொன்னதுதான் தொடக்கம்னு சொல்லுவாவ. தபால்ல அனுப்புறதுக்கு தோதா மெல்லிசான டிஷ்யூ பேப்பருக்கு மாறுனாவளாம்.

சைஸ் சைஸா போடுறதுதான் இதுல பெரிய வேலை, உனக்கு புடிச்ச கணக்கும் அங்கதான் இருக்கு. 34லருந்து 36க்கு போனா சுற்றளவு 2 இஞ்ச் கூடும், மடிச்ச துணியில கால் பாகத்துக்கு அரை இஞ்ச். சரி, எல்லா பக்கமும் அரை இஞ்ச் தள்ளிப் போட்டா முடிஞ்சுட்டுன்னு தோணும். தோள் அப்பிடி வளராதுடி! தடிச்ச ஆளுன்னா எலும்பும் சேர்ந்தா அகலமாவும்? கழுத்தும் கொஞ்சந்தான் கூடும். எல்லாத்தையும் ஒண்ணுபோல பெருசாக்குறதுனாலதான் 42, 44 போடுறவியளுக்கு ரெடிமேட் ப்ளவுஸ் தோள்லருந்து வழுக்கி விழுது, கை மட்டும் புடிக்குது. இன்னொண்ணு, ரெண்டு பேரு 38ன்னு சொன்னா ரெண்டும் ஒரே 38 இல்ல, ஒருத்திக்கு முதுகு அகலம், இன்னொருத்திக்கு மார்பு. அதனால அப்பர் செஸ்ட், அதான் கக்கத்த ஒட்டி மேல்மார்ப சுத்தி எடுக்கிற அளவ வச்சு சைஸ் எடுக்கச் சொல்லி, முன்பக்கத்துக்கு மட்டும் தனியா மூணு வெட்டு குடுத்துருக்கேன்.

இங்க்ஸ்கேப்னு ஒரு சாஃப்ட்வேர், ஃப்ரீதான், அதுலதான் வரையிறேன். ஏ4 பேப்பர்ல துண்டு துண்டா ப்ரிண்ட் எடுத்து ஒட்டணும். அமெரிக்காவுல உள்ளவிய லெட்டர் சைஸ்ல எடுப்பாவ, அது ஏ4ஐ விட அகலம் கூடுதல், ஒயரம் கொறவு, அதனால ஒவ்வொரு துண்டும் ரெண்டு பேப்பர்லயும் அடங்குற அளவுல வெட்டணும். முதல் பக்கத்துல 10 சென்டிமீட்டர் சதுரம் ஒண்ணு போட்டு, 'இத ஸ்கேல் வச்சு அளந்துட்டுதான் மீதி ப்ரிண்ட் எடுக்கணும்'னு பெருசா எழுதிருக்கேன். ப்ரிண்டர்ல 'ஃபிட் டு பேஜ்'னு கெடந்தா மொத்தமும் சுருங்கிரும். சுருங்குனது ஒரு பக்கத்துல பாத்தா கண்ணுக்கே தெரியாது, ஜம்பர் தச்சு முடிச்சு பட்டன் போட முடியாம நிக்கக்குள்ளதான் தெரியும். ஒட்ட சோம்பல் உள்ளவியளுக்கு ஏ0 சைஸ்ல ஒரே ஷீட்டும் வச்சுருக்கேன், வீட்டு பிளான் ப்ரிண்ட் எடுக்கிற கடையில எடுக்கலாம், நாகர்கோவில்ல எடுத்துப் பாத்தேன், கோடு கண்ணாடி மாதிரி வருது.

கருங்கல் டெய்லர் அண்ணாச்சி ஃபோன் போட்டு ஒரே சத்தம். 'முன்னயும் பின்னயும் ஒயரம் சேரல, யாரு வரஞ்சது இத'ன்னு. 'அண்ணாச்சி, ஒரு தடவ நான் சொல்ற மாதிரி தச்சுப் பாருங்க'ன்னேன். தச்சாரு. அந்த அம்மா போட்டுப் பாத்த அன்னைக்கே திரும்ப ஃபோன், 'பிள்ள, அந்த பின்கழுத்து டார்ட் எப்பிடி கணக்கு பண்ணுன, சொல்லிக்குடு'ன்னு. முப்பது வருஷம் மிஷின் சவட்டுன மனுஷன் கேக்காருடி.

இனி வருத்தத்த சொல்றேன். வீட்ல இவிய ஒண்ணும் எதிர்ப்பு இல்ல, ஆனா மைனி வந்து 'காயிதத்துக்கா 150 ரூவா, ஜெராக்ஸ் எடுத்தா அஞ்சு ரூவா ஆவாதே'ன்னு சொல்லிட்டு போறாவ. ஜம்பர் தைக்க 500 கேட்டா சரின்னு குடுப்பாவ, அத வெட்ட யோசிச்ச யோசனைக்கு காசு கேட்டா தப்பு. நம்ம ஊர்ல இது இன்னைக்கு நேத்து உள்ளதா? 1820கள்ல மிஷனெரி மார்த்தா மால்ட் அம்மா நாகர்கோவில்ல லேஸ் பின்ன சொல்லிக்குடுத்து, அது கப்பலேறி வெளிநாட்டுக்கு போயி, அந்த காசுல பொம்பளப்பிள்ளைய படிச்சாவ, அது பெரிய காரியம். ஆனா அதுக்கு பொறவு எங்க அம்மாச்சி காலம் வரைக்கும் கொக்கி ஊசிய வச்சுக்கிட்டு பின்னுன பெண்டுகளுக்கு கெடச்சது கைக்கூலி மட்டுந்தான். அம்மாச்சி தானா யோசிச்சு ஒரு பூ போட்டாவன்னு வையி, அதுக்குன்னு ஒரு சல்லிக்காசு வந்துருக்குமா? அடுத்த மாசம் நாலு வீட்ல அதே பூவ பின்னுவாவ. எனக்கு அந்த யோசனைக்கு காசு வரணும். என் மவ அத பாத்து வளரணும்.

ஒரு குரூப்புல என் பிடிஎஃப்ப ஒருத்தி சும்மா ஃபார்வர்ட் பண்ணிருக்கா, அதும் வந்தது. ராத்திரி தூக்கம் இல்ல. இப்ப வாங்குறவிய பேர ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில போட்டு அனுப்புறேன், அனுப்புறவளுக்கு கொஞ்சம் கூச்சம் வரும்லா. முடியாதவியளுக்கு சும்மாவே குடுப்பேன், அது வேற. கேட்டா குடுப்பேன்.

'ஒரு சட்டைக்கா இவ்வளவு பாடு'ன்னு நீயும் கேக்காண்டாம் செல்வி. நம்ம ஊர்ல சட்டைன்னா என்னன்னு நமக்கு தெரியாதா. நம்ம பெண்டுக மேல உடுத்துனதுக்கு உயர்ந்த சாதிக்காரன் சந்தையில வச்சு துணிய கிழிச்சிருக்கான், அடிச்சிருக்கான், அப்புறம் 1859 ஜூலை 26ந்தேதி திருவிதாங்கூர் ராஜா போட்ட உத்தரவுல கூட நாடார் பெண்டுக குப்பாயம், அதான் சட்ட, போடலாம், ஆனா உயர்ந்த சாதி பெண்டுக மாதிரி உடுத்தப்படாதுன்னு ஒரு வரி. நம்ம பூட்டிமாரு அடி வாங்கி வாங்குன சட்ட இது. அத ஒரு அம்மா தோள் வளையலங்கிற ஒரே காரணத்துக்காக கழட்டி வச்சுட்டு வீட்டுக்குள்ள இருக்கணுமா? எனக்கு அத நெனச்சா பொறுக்கல.

இப்ப உன்னால எனக்கு ஆவ வேண்டியது. எட்ஸின்னு கைவேல, பேட்டர்ன் எல்லாம் விக்கிற வெளிநாட்டு சைட்ல போடலாம்னு பாக்கேன், ஒரு பேட்டர்ன் லிஸ்ட் பண்ண 20 சென்ட், அது நாலு மாசம் நிக்கும், வித்தா 6.5 சதவீதம் அவிய எடுப்பாவ, அது போக பணம் கைக்கு வர்றதுக்கு தனியா. இந்த கணக்க பாத்து டாலர்ல என்ன வெல வைக்கணும்னு நீ சொல்லு. சின்ன தொழில பதியிற உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் கவர்மென்ட் சைட்ல ஃப்ரீ, ஒரு இன்டர்நெட் சென்டர்ல ஆயிரம் ரூவா கேட்டாவ, அதும் நீயே பாத்து போட்டுக்குடு. சும்மா செய்ய வேண்டாம், கூட்டாளியா வா, வாறதுல பாதி உனக்கு. நான் நெசமாத்தான் சொல்றேன், அத்தான்ட்ட கேட்டுட்டு சொல்றேன்னு இழுக்காத, அவிய வேண்டாம்னு சொல்ல மாட்டாவன்னு எனக்கும் தெரியும்.

அதுக்கு முன்னால உங்க அம்மா அளவு வேணும். அம்மாவுக்கும் இப்ப முதுகு நல்லா வளஞ்சிட்டுன்னு சொன்னல்லா, 40 சைஸ டெஸ்ட் பண்ண எனக்கு அப்பிடி ஒரு ஆளு வேணும். அம்மாவ நிமிந்து நில்லுன்னு சொல்லாத, எப்பிடி நிக்காவளோ அப்பிடியே நிக்கட்டும். பின்கழுத்துல துருத்திக்கிட்டு இருக்க எலும்புலருந்து இடுப்பு வரைக்கும் முதுகு வளவோட ஒட்டி டேப்ப போடு. முன்னால தோள்லருந்து மார்பு முனை, அங்கருந்து இடுப்பு. அப்பர் செஸ்ட் கக்கத்த ஒட்டி. டேப்ப இறுக்காத, ஒரு வெரலு உள்ள போவணும். எந்தக் கை தூக்க கஷ்டம்னும் எழுது, வலதா இடதா. வலதுன்னா தொறப்ப மறைக்க வேற வழி பாக்கணும், முந்தானை அங்க வராது.

துணி நான் திங்கள்சந்தையில எடுத்துட்டேன், அம்மாவுக்கு புடிச்ச அந்த பாக்கு கலர் தான். தச்சு கூரியர்ல முந்திரிக்கொத்தோட அனுப்புறேன். சனிக்கிழமைக்குள்ள அளவு வரணும்.

உன்
லில்லி