தூக்கத்துக்கு விலை வையுங்கள்

ஆசிரியருக்கு,

மேசை விளையாட்டுகள் பற்றி உங்கள் சிறுவர் பக்கத்தில் எழுதியவர், மந்திரவாதிக்குப் புள்ளி முறை (கையிலுள்ள புள்ளியைச் செலவழித்து மந்திரம் போடுவது) கொடுத்தால் வாள்வீரனோடு சமநிலை வந்துவிடும் என்கிறார். வராது.

ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் (2014) 5ஆம் நிலை மந்திரவாதிக்கு மூன்றாம் படி மந்திரத்துக்கான இடம் இரண்டுதான், அதாவது இரண்டு தடவைதான் போடலாம். குட்டி ஓய்வில் மீளும் ஒன்றைச் சேர்த்தால் மூன்று. ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரம் அந்தப் படி. எட்டுப் பகடை உருட்டி, வட்டத்துக்குள் நிற்கிற எல்லாரையும் சுடும். புள்ளி முறையிலோ அதே ஆளுக்கு 27 புள்ளி, ஃபயர்பாலுக்கு 5. அப்படியென்றால் ஒரே சண்டையில் ஐந்து தடவை! என் டியூஷன் வகுப்பின் உயர்தரப் பிள்ளைகள் இதை உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். (தொகையீட்டுக் கணக்கில் அந்த வேகம் இல்லை.) வாள் பிடித்த பையன் பிளேன்டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

மந்திரத்தின் வலிமையைக் குறைக்க வேண்டாம், பாத்திரங்களின் தூக்கத்தை அரிதாக்குங்கள். கதைக்குள் எட்டு மணிநேரம் ஓய்வெடுத்தால் செலவான மந்திரமெல்லாம் திரும்பிவிடும். சண்டைக்குச் சண்டை படுக்கவிட்டால் எந்த விதியும் நிற்காது. எங்கள் கதையில் இருட்டுமுன் கணவாயைத் தாண்ட வேண்டும், நடுவில் நான்கு சண்டை. இப்போது மந்திரவாதிப் பிள்ளை முதல் சண்டைக்குக் கவண்தான் எடுக்கிறாள்.

கணித ஆசிரியை,
ஹட்டன்