'உலகின் கொடிய பாம்புகள்' பட்டியலிடும் ஊடக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ், வார இதழ், தொலைக்காட்சிச் செய்திப் பிரிவுகளின் மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும், யூடியூப் சேனல் நடத்தும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

'உலகின் அதிக நஞ்சுள்ள பத்துப் பாம்புகள்' என்ற தலைப்பில் நீங்கள் வெளியிடும் கட்டுரைகளையும் காணொளிகளையும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பாம்பைப் பற்றி அறிய மக்களுக்கு இருக்கும் ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாம்புக்கடிக்கு உலகிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுக்கும் நாட்டில் வாழும் வாசகருக்கு, அந்தப் பட்டியல்கள் அஞ்ச வேண்டாததற்கு அச்சத்தையும் அஞ்ச வேண்டியதற்கு அலட்சியத்தையும் கொடுத்துவிடுகின்றன. அரசு மருத்துவமனைகளில் 26 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

உங்கள் பட்டியல்களில் பெரும்பாலும் முதலிடம் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுத் தைப்பானுக்குத்தான். இதுவரை அளக்கப்பட்ட பாம்பு நஞ்சுகளில் அதனுடையதே வீரியம் மிக்கது என்பது உண்மை. அந்த அளவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைத்தான் நீங்கள் சொல்லாமல் விடுகிறீர்கள். சோதனை எலிகளில் பாதி சாவதற்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு நஞ்சு தேவைப்படுகிறது என்று பார்க்கிறார்கள். தைப்பான் நஞ்சைத் தோலுக்கடியில் செலுத்தினால் சுமார் 0.025 மில்லிகிராமே போதும். அந்தப் பாம்போ, குவீன்ஸ்லாந்தின் தென்மேற்கிலும் தெற்கு ஆஸ்திரேலியாவின் வடகிழக்கிலும், வெடித்துக் கிடக்கும் களிமண் நிலத்தின் பிளவுகளில் எலிகளைப் பிடித்துத் தின்றே வாழ்வது. எலியை வீழ்த்துவதற்கென்றே அமைந்த நஞ்சை எலியிடமே சோதித்தால் அது முதலிடம் பெறுவதில் வியப்பில்லை. 1879இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமாகி, பிறகு நெடுங்காலம் ஆய்வாளர் கண்ணில் படாமலே இருந்து, 1972இல்தான் மீண்டும் கண்டறியப்பட்டது என்றால், மனித நடமாட்டத்திலிருந்து அது எவ்வளவு விலகி வாழ்கிறது என்பது புரியும். அதனிடம் கடிபட்டவர்களில் பெரும்பாலோர் பாம்பைக் கையாள்பவர்களே. அத்தனை கொடிய பாம்புகள் உள்ள அந்த நாட்டில் பாம்புக்கடியால் இறப்பவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு மூன்று பேர்தான்.

இந்தியாவின் கணக்கு வேறு. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான விரிவான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் கால் பங்கினர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். பெரும்பாலான இறப்புகள் கிராமங்களில், மருத்துவமனைக்கு வெளியே நிகழ்ந்தவை. இத்தனை உயிர்களில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான். நஞ்சின் வீரியம் ஒன்றை மட்டும் பார்த்துத் தொகுக்கும் பட்டியலில் இவற்றில் சிலவற்றுக்கு இடமே கிடைப்பதில்லை. சுருட்டை விரியன் பெரும்பாலும் ஒரு முழ நீளமே உள்ள சிறு பாம்பு. ஆனால் வறண்ட புன்செய் நிலத்திலும் கல் இடுக்கிலும், மண்ணோடு மண்ணாக, கால் படும் இடத்திலேயே கிடக்கிறது. கண்ணாடி விரியன் நெல் வயலில் எலியைத் தேடி வருகிறது. ஒரே கடியில் அது செலுத்தக்கூடிய நஞ்சின் அளவு தைப்பானுடையதைவிடப் பெரிது. இரத்தம் உறையாமல் போவதோடு சிறுநீரகமும் செயலிழக்கும்.

கட்டுவிரியனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மழை பெய்த ஓர் இரவில், வீட்டுத் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த பத்து வயதுப் பையன் ஏதோ கடித்துவிட்டது என்று எழுந்திருக்கிறான். வீக்கமில்லை, பெரிய வலியுமில்லை. தாய் சுண்ணாம்பு தடவிப் படுக்க வைத்துவிட்டார். பாயை உதறியபோது விழுந்த ஒரு சாண் பாம்பை அடித்துப் போட்டுவிட்டு, 'குட்டிப் பாம்புதானே' என்று தந்தையும் உறங்கிவிட்டார். விடியற்காலையில் பையனுக்கு வயிற்றுவலியும் வாந்தியும் வந்தன. கண் இமைகள் திறக்க முடியாமல் சரிந்ததைத் தூக்கக் கலக்கம் என்றே நினைத்திருக்கிறார்கள். எங்களிடம் வந்து சேரும்போது அவனுக்கு மூச்சுத் திணறத் தொடங்கியிருந்தது. நஞ்சுமுறி மருந்தை ஏற்றி, தொண்டையில் குழாய் செலுத்தி, மாவட்டத் தலைமை மருத்துவமனை வரையிலும் கையால் காற்றுப் பையை அழுத்திக்கொண்டே போனோம். ஐந்து நாட்கள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்தான். "டிவியில காட்டுற மாதிரி பெரிய பாம்பா இருந்தா ராத்திரியே தூக்கிட்டு ஓடி வந்திருப்போம் சிஸ்டர்" என்று அவன் தந்தை சொன்ன சொல்தான் இந்த மடலை எழுத வைத்தது.

கட்டுவிரியன் நஞ்சு நரம்பு முனைகளையே சிதைத்துவிடுகிறது. சிதைந்த பிறகு மருந்து கொடுத்தாலும் அவை உடனே சீராவதில்லை. அவை மீளும் வரை மூச்சை இயந்திரம்தான் நடத்த வேண்டும். ஆகவே 'வலியில்லை, வீக்கமில்லை, அதனால் நஞ்சில்லை' என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை நீங்கள் நினைத்தால் ஒரே வாரத்தில் தமிழகம் முழுவதும் சொல்லிவிட முடியும்.

உங்கள் செய்திகளில் வரும் பெயர்களைப் பற்றியும் ஒரு வேண்டுகோள் உண்டு. 'விரியன் பாம்பு கடித்து விவசாயி பலி' என்று எழுதுகிறீர்கள். எந்த விரியன்? கட்டுவிரியனுக்குப் பெயர்தான் விரியனே தவிர அது நல்ல பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. கடித்தால் நரம்பைத் தாக்கும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இரத்தத்தைத் தாக்குபவை. அறிகுறிகளே வேறு வேறாக இருக்கும்போது, ஒரே சொல்லில் மூன்றையும் அடைப்பது வாசகருக்கு எதையும் கற்றுத்தராது. அந்தச் செய்திக்குப் பக்கத்தில் ராஜநாகத்தின் படத்தை வைப்பது அதைவிடத் தவறு. சாரையும் கொம்பேறி மூக்கனும் மனிதனைக் கொல்லும் நஞ்சு இல்லாதவை. கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்ற கதையால் இன்றும் எத்தனையோ கொம்பேறி மூக்கன்கள் அடிபட்டுச் சாகின்றன.

கடிவாயைக் கீறி வாயால் உறிஞ்சும் காட்சிகளைத் தயவுசெய்து ஒளிபரப்பாதீர்கள். இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கட்டிய கயிற்றால் கை கால் அழுகிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, பதறாமல், 108ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்குப் போவதே செய்ய வேண்டியது. பாம்பைப் பிடித்துக் கொண்டுவரத் தேவையில்லை. இங்கே கிடைக்கும் மருந்து அந்த நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் பொதுவானது. மருத்துவர் அறிகுறிகளையும், கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் இருபது நிமிடத்தில் உறைகிறதா என்பதையும் பார்த்தே முடிவெடுப்பார்.

அந்த மருந்துக்கான நஞ்சு எங்கிருந்து வருகிறது என்பதும் உங்கள் நிகழ்ச்சிகளுக்கு ஏற்ற பொருள்தான். சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாட்டின் நஞ்சுமுறி மருந்துக்குத் தேவையான நஞ்சில் பெரும்பகுதியை வழங்கி வந்திருக்கிறது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டிலேயே விடுகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்த மருந்துக்கும் எல்லை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும், மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த குழிவிரியனின் நஞ்சை அது முறிப்பதில்லை. தைப்பானுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பங்கை இதைப் பேசுவதற்கு ஒதுக்கலாம்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றுள் ஒன்றாக அறிவித்திருக்கிறது. மாவட்டவாரியாக அந்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். எந்த மருத்துவமனையில் மருந்து இருக்கிறது, எங்கே வென்டிலேட்டர் இருக்கிறது என்பதை ஊர் பெயரோடு எழுதுங்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன், தரையில் படுப்பவர்கள் கட்டிலில் படுக்கவும், கட்டில் இல்லாதவர்கள் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நாற்புறமும் செருகிக்கொள்ளவும், இரவில் வெளியே போகும்போது டார்ச் எடுத்துச் செல்லவும் சொல்லும் ஒரு நிமிடக் காணொளியையாவது ஒவ்வொருவரும் வெளியிட வேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்,
திருவண்ணாமலை மாவட்டம்